தபால்காரர் நல்லவர்... தபால்?
தணிகை மாமா பதில்கள்

பூக்கடைக்காரர், திருத்தணி
கே: தபாலில் ஸ்க்ராட்ச் கார்டு வந்தது. சுரண்டினால் 12 லட்சம்! வரியாக முதலில் 12 ஆயிரம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா மாமா?
ப: கார்டை நீங்கள் சுரண்டினீர்கள். இனி உங்களை அவர்கள் சுரண்டுவார்கள். நாப்டால், மீஷோ என்று ஊரறிந்த பெயர்களைத் திருடி இந்தக் கார்டை நாடு முழுக்க அனுப்புகிறார்கள். ரொக்கப் பரிசு நிஜமாகவே விழுந்தால், தருகிறவரே 30 சதவீத வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார். வருகிற பணம் வழிச்செலவு கேட்காது.

தினசரி ரயில் பயணி, அரக்கோணம்
கே: கேரள லாட்டரியில் பரிசு என்று கடிதம். நான் சீட்டே வாங்கவில்லையே?
ப: தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரிக்குத் தடை. நடாத மரத்திலிருந்து மாங்காய் விழுந்தால் அண்ணாந்து பார்க்காதீர்கள். அது எவனோ எறிந்த கல்.

பட்டதாரி, கனகம்மாசத்திரம்
கே: தபால்துறையில் வேலை என்று முத்திரையோடு ஆணை வந்திருக்கிறது. 15 ஆயிரம் முன்பணமாம்.
ப: கிராமத் தபால் ஊழியர் வேலைக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண்தான் தகுதிப் பட்டியல். எழுத்துத் தேர்வுகூட இல்லை. எவனோ ஒருவன் கணக்கில் பணம் போடச் சொன்னால் ஒன்று நிச்சயம்: மாதம் பிறந்தால் முதலாளிதான் சம்பளம் தரவேண்டும். இங்கே தருவது நீங்கள் என்றால் அவன்தான் உங்கள் ஊழியன்.

சட்டக் கல்லூரி மாணவி, திருவள்ளூர்
கே: ஏமாற்றுக்காரனை '420' என்கிறோமே, அது இன்னும் செல்லுமா?
ப: வாய்க்குச் செல்லும், வழக்குக்குச் செல்லாது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 318. நைஜீரியாவில் இதே ரகக் கடிதங்களுக்கு அந்நாட்டுச் சட்டப் பிரிவின் எண்ணான 419 பட்டப்பெயர். அவர்களைவிட ஓர் எண் முன்னால் இருந்தோம், அந்தப் பெருமையும் போச்சு! ஏழாண்டு வரை சிறை என்பது மட்டும் மாறவில்லை.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், திருவாலங்காடு
கே: இந்த வியாதிக்கு வயது என்ன?
ப: 19-ஆம் நூற்றாண்டிலேயே 'ஸ்பானிஷ் கைதி' கடிதம் ஊர் சுற்றியது. ஸ்பெயின் சிறையில் ஒரு சீமான், அவரை மீட்கப் பணம் அனுப்பினால் புதையலில் பங்கு. அமெரிக்கா 1872-லேயே தபால் மோசடிக்குத் தனிச் சட்டம் போட்டது. கைதி இன்னும் விடுதலையாகவில்லை. உள்ளேயே இமெயில் கற்றுக்கொண்டார்.

சீட்டுக் கட்டுபவர், திருத்தணி
கே: தபால் கூப்பனை வைத்தே ஒருவர் ஊரை ஏமாற்றினாராமே?
ப: சார்லஸ் போன்ஸி, பாஸ்டன், 1920. வெளிநாட்டிலிருந்து பதில் வாங்க உதவும் கூப்பனை ஒரு நாட்டில் மலிவாக வாங்கி இன்னொரு நாட்டில் மாற்றினால் 45 நாளில் 50 சதவீத லாபம் என்றார். செய்ததோ, புது ஆள் பணத்தை எடுத்துப் பழைய ஆளுக்குக் கொடுத்தது. தபால்தலையில் வரவேண்டிய ஆசாமி அகராதியில் வந்துவிட்டார்.

நெசவாளி, பொதட்டூர்பேட்டை
கே: ஆர்டர் செய்யாத வி.பி.பி. பார்சலுக்கு அம்மா பணம் கட்டிவிட்டார்!
ப: வி.பி.பி.யில் காசு முதலில், கத்தரிக்கோல் பிறகு. கேட்காத பார்சல் என்றால் 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை போதும், வந்த வழியே திரும்பும். எனக்கும் அனுபவம் உண்டு. 'படத்தில் உள்ள நடிகர் யார்? கண்டுபிடித்தால் ரேடியோ!' என்று ஒரு விளம்பரம். எழுதிப் போட்டேன், பணம் கட்டிப் பிரித்தேன். பிளாஸ்டிக் கூடு, திருகினால் சுற்றும் குமிழ், உள்ளே எடைக்கு ஒரு செங்கல் துண்டு. ரஜினியைக் கண்டுபிடித்த என்னால் அனுப்பியவனைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இல்லத்தரசி, பள்ளிப்பட்டு
கே: திருப்பதியில் பாம்பு பேசியதாம். ஆயிரம் நோட்டீஸ் அடித்து விநியோகிக்காவிட்டால் ரத்தம் கக்குவேனாம்!
ப: பள்ளிக்கூட நாளில் எனக்கும் வந்தது. மூலையில் மஞ்சள் தடவிய கார்டு. பயந்துபோய்ப் பதினோரு கார்டு எழுதிப் போட்டு, கை வீங்கியதுதான் மிச்சம். பலன் கிடைத்தது கார்டு விற்ற தபாலாபீசுக்கு. இப்போது அதே பாம்பு வாட்ஸாப்பில் சட்டை உரித்துக்கொண்டு வருகிறது. மால்மருகன் ஊருக்குப் பெருமாள் மிரட்டல் கடிதமா போடுவார்?

ஜவுளி வியாபாரி, நகரி
கே: எனக்குத் தெலுங்கில், திருத்தணி மச்சானுக்குத் தமிழில், ஒரே பரிசுக் கடிதம்!
ப: ம.பொ.சி. போன்றோர் போராடி, 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. முட்டாள்கள் தினத்தில் வந்தும் பொய்யாகாத சேதி! எல்லைக்கோடு நமக்குத்தான். அவனுக்கு ரெண்டு பக்கமும் ஒரே சந்தை.

கல்லூரி மாணவர், திருத்தணி
கே: கடிதம் எங்கிருந்து வந்தது என்று எப்படித் துப்பறிவது?
ப: லெட்டர்பேடை விடுங்கள், தபால் முத்திரையைப் பாருங்கள். 1972 ஆகஸ்ட் 15-ல் பிறந்த பின்கோடில் முதல் எண் மண்டலத்தைச் சொல்லும். நமக்கு 6, நகரிக்குப் போனால் 5, மும்பைக்கு 4. 'மும்பை தலைமை அலுவலகம்' என்று மினுக்குகிற உறையில் 7-ல் தொடங்கும் முத்திரை எதற்கு? கடிதம் எழுதியவன் பொய் சொல்லலாம். முத்திரை குத்தியவர் வேறு ஆள்.

விசைத்தறி உரிமையாளர், ஆர்.கே.பேட்டை
கே: வருமான வரி நோட்டீஸ் வந்திருக்கிறது. நிஜமா, போலியா?
ப: 2019 அக்டோபர் 1 முதல் துறையின் கடிதங்களில் ஆவண அடையாள எண் இருக்கவேண்டும். துறையின் இணையதளத்தில் அதைப் போட்டு நீங்களே சோதிக்கலாம். போலி என்றால் போலீஸ். நிஜம் என்றால் ஆடிட்டர். எப்படியும் மாமாவிடம் வராதீர்கள்.

பேரன் வெளிநாட்டில் உள்ள தாத்தா, திருத்தணி
கே: 'உங்கள் பார்சல் கிடங்கில் நிற்கிறது, 24 மணி நேரத்தில் லிங்க்கை அழுத்தி முகவரி திருத்துங்கள்' என்று தபால்துறை பெயரில் குறுஞ்செய்தி!
ப: பொய் என்று மத்திய அரசே அறிவித்த சரக்கு. முகவரி புரியாவிட்டால் நம் தபால்காரர் டீக்கடையில் விசாரிப்பார். லிங்க் அனுப்பமாட்டார்.

வங்கி வாடிக்கையாளர், திருத்தணி
கே: பார்சலில் போதைப்பொருள் என்று சொல்லி, காக்கிச் சட்டை போட்டவர் வீடியோவில் என்னை 'டிஜிட்டல் கைது' செய்தார்!
ப: இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. நம் முருகனும் வள்ளியிடம் கிழவர் வேடத்தில்தான் போனார். வேடம் கலைந்ததும் கல்யாணம். இவன் வேடம் கலையும்போது கணக்கு காலி.

பக்தர், சென்னை
கே: அனுப்பியவர் பெயரில்லாத உறை. தொட்டால் உள்ளே ஏதோ பொடி!
ப: இதில் விளையாட்டு வேண்டாம். ஆட்டாதீர்கள், முகராதீர்கள். அப்படியே வைத்துவிட்டு, கதவைச் சாத்தி, சோப்புப் போட்டுக் கை கழுவி 112-ஐ அழையுங்கள். 2001-ல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் கடிதங்களுக்கு ஐந்து பேர் பலி. திருத்தணி விபூதி என்று நினைத்து நெற்றியில் இட்டுக்கொள்ளாதீர்கள்.

தபால்துறை அபிமானி, திருத்தணி
கே: கையெழுத்து வாங்கிக்கொண்டு தருகிற தபாலிலுமா பொய் வரும்?
ப: பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு கலந்துவிட்டது. எந்தப் பெயரில் வந்தாலும் உறைக்குத்தான் தபால்துறை பொறுப்பு, உள்ளே இருக்கும் புளுகுக்கு அல்ல.

பெயர் வேண்டாம், திருத்தணி
கே: அனுப்பியே விட்டேன் மாமா. வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது.
ப: உடனே 1930-க்குப் போன் போடுங்கள். பணம் கைமாறுவதற்குள் சொன்னால் வழியில் மடக்க வாய்ப்பு உண்டு. உறையையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் வாய் திறக்காத ஒவ்வொரு மணி நேரமும் அவனுக்கு வட்டி.

மாமாவின் மருமகள், அதே வீடு
கே: இவ்வளவையும் யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? ஒரே ஒரு வழி சொல்லுங்கள்.
ப: கடிதம் 'உடனே' என்றால், அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மலை ஏறு. 365 படி. நூறாவது படியில் மூச்சு வாங்கும், இருநூறில் சந்தேகம் வரும். போர் முடிந்து முருகனின் சினமே தணிந்த இடம், உன் ஆசையும் பயமுமா தணியாது? இறங்கி வருவதற்குள் 'உடனே' என்றவன் படி ஏறாத ஆளைத் தேடிப் போயிருப்பான்.