அது ரேட்டுல வராது அண்ணாச்சி

சொந்த வீடு கட்டத் துணிந்தவர் முதலில் போடுவது சதுர அடிக் கணக்கு. ஆயிரம் சதுர அடி, அடிக்கு 2,200 ரூபாய், ஆக 22 லட்சம். நாலாம் வகுப்புப் பெருக்கல்தான். விடையும் சரிதான். ஆனால் அந்த 22 லட்சத்தில் என்னென்ன வரும் என்று கேட்பதைவிட, என்னென்ன வராது என்று கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் நாங்கள் வீடு கட்டியபோது, எங்கள் மேஸ்திரி ஒரு வாக்கியத்தை வைத்தே வேலையை நடத்தினார்: “அது ரேட்டுல வராது அண்ணாச்சி.” கறாராகச் சொல்ல மாட்டார். துஷ்டி வீட்டில் துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்வார். நமக்கே அவர்மேல் பரிதாபம் வந்துவிடும்.

போர் ரேட்டில் வராது. தரையடித் தொட்டி வராது. மோட்டார், செப்டிக் டேங்க், சுற்றுச்சுவர், கேட், மின் இணைப்பு, எதுவும் வராது. அதாவது தண்ணீர் வர வழி, போக வழி, ஆள் நுழைய வழி, வெளிச்சத்துக்கு வழி இவை நீங்கலாக வீடு முழுவதும் 22 லட்சத்துக்குள் அடக்கம். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். ஆகவே அது சட்டத்தில் வரும், ரேட்டில் வராது.

எங்கள் ஊர் மண் வேறு கரிசல். கி. ராஜநாராயணன் அதில் கதை விளைவித்தார். வீடு கட்டுகிறவனுக்குச் செலவுதான் விளையும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழை பெய்தால் உப்பும். மேலே உட்கார்ந்திருக்கிற வீட்டையும் சேர்த்துத் தூக்கி இறக்கும். அதனால் கெட்டி மண் தட்டுப்படும்வரை வானம் தோண்ட வேண்டும். அது ஆழத்தில் இருந்தால் இன்ஜினியர் பைல் போடச் சொல்வார். மண் பரிசோதனைக்குக் கேட்கும் பணத்தை முகம் சுளிக்காமல் கொடுத்துவிடுங்கள். பின்னால் சுவர் விரிசலுக்குப் பட்டி பார்த்துக்கொண்டே இருப்பதற்கு அது எவ்வளவோ மலிவு. இதில் ஒரே வருத்தம், இந்தச் செலவு வெளியே தெரியாது. பால் காய்ச்சுக்கு வந்தவர்கள் டைல்ஸைக் குனிந்து தடவிப் பார்த்து விலை கேட்டார்கள். அஸ்திவாரத்தைப் பற்றி ஒரு சித்தப்பாகூட விசாரிக்கவில்லை.

கட்டட அனுமதி இப்போது முன்போல இல்லை. 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ மேலே ஒரு மாடியோ என்றால், ஆன்லைனில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தியதும் அனுமதி கையில். அரசாங்கம் இவ்வளவு சுறுசுறுப்பாகிவிட்டதால், தாமதம் முழுக்க வீட்டுக்குள் இடம் மாறிவிட்டது.

“எய்யா, அடுப்படி அக்னி மூலையிலதான் இருக்கணும்” என்றார் அம்மா. அக்னி மூலை தென்கிழக்கு. “அதுல நிக்கப் போறது நான்தானங்க, எனக்குத் தெரு தெரியணும்” என்றாள் மனைவி. தெரு வடக்கே இருந்தது. இருவரும் இதை ஒருவரிடம் ஒருவர் சொல்லவில்லை. தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். கடைசியில் இன்ஜினியர் அடுப்படியைத் தென்கிழக்கிலேயே வைத்து, தெருவைப் பார்த்து ஒரு சிட்அவுட்டைச் சேர்த்துப் பிரச்சினையைத் தீர்த்தார். கூடுதலாக 60 சதுர அடி. அறுபதை 2,200 ஆல் பெருக்கினால் 1,32,000 ரூபாய். வீடு கட்டிய காலத்தில் மேஸ்திரி மறுபேச்சில்லாமல் ரேட்டில் சேர்த்துக்கொண்டது இந்தச் சமாதானத்தை மட்டும்தான்.

அடுத்து நாள் பார்க்க வேண்டும். வாஸ்து புருஷன் வருஷத்தில் எட்டு நாள்தான் கண் விழிக்கிறார் என்கிறது பஞ்சாங்கம். அதுவும் ஒன்றரை மணி நேரம். அதற்குள் பல் தேய்த்து, குளித்து, பூஜை செய்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு மறுபடி படுத்துவிடுவார். சாப்பாடும் வெற்றிலையுமான கடைசி 36 நிமிஷம்தான் பூமி பூஜைக்கு உகந்தது. எங்கள் எலக்ட்ரீஷியனின் அட்டவணையும் ஏறக்குறைய இதுதான். பூஜை மட்டும் கிடையாது.

பொருள் வாங்கும் இடத்தில் பள்ளிக்கூடம் கைகொடுக்கும். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வந்துவிடும். 12 எம்எம் கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 890 கிராம். 12 மீட்டர் முழுக்கம்பி பத்தரைக் கிலோவுக்குச் சற்று மேல். இந்தக் கணக்கைக் கடையில் நின்று வாய்விட்டுப் போடுங்கள். விடை தப்பினாலும் பாதகமில்லை. போடத் தெரிந்த ஆள் என்று தெரிந்தாலே தராசுக்கு மரியாதை வந்துவிடும்.

எம்-சாண்ட் யூனிட் கணக்கில் வரும். ஒரு யூனிட் 100 கன அடி. கொட்டுவதற்கு முன்பே லாரியின் உள்நீளம், அகலம், மணலின் உயரம் மூன்றையும் அளக்க வேண்டும். நீங்கள் டேப்பை எடுத்ததும் டிரைவருக்கு வேறு ஊரில் அவசர லோடு ஒன்று ஞாபகம் வரும். மணல் நடுவில் குவிந்து ஓரத்தில் சரிந்திருக்கும். அவர் உயரத்தைக் காட்டுவது நடுவில். மட்டப்படுத்தச் சொல்லிவிட்டு அளப்பவர்களை அவர்களுக்குப் பிடிக்காது. பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

சிமென்டுக்கு ஜிஎஸ்டி வெகுநாளாக 28 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைத்தார்கள். எங்கள் வீட்டுக்குக் கடைசி மூட்டை இறங்கியது ஆகஸ்டில்.

கான்கிரீட்டில் கவனிக்க வேண்டியது தண்ணீரை. 50 கிலோ மூட்டை ஒன்றுக்குச் சுமார் 25 லிட்டர் போதும். அதற்குமேல் ஊற்ற ஊற்றக் கலவை இளகும், வலுவும் இறங்கும். “கொஞ்சம் எளக்கமா இருந்தாத்தான் ஓடும் அண்ணாச்சி” என்பார் மேஸ்திரி. கலவை ஓட வேண்டியதில்லை, நிற்க வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். தளம் இறுகிய பிறகுதான் தாராளம் காட்ட வேண்டும். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, பிபிசி சிமென்ட் என்றால் குறைந்தது பத்து நாளாவது நனைக்க வேண்டும். கலக்கும்போது கஞ்சத்தனம், கலந்த பிறகு தாராளம் என்பது விதி. ஊர் வழக்கம் நேர் எதிர். கோவில்பட்டி வெயிலில் லாரித் தண்ணீர் வாங்கித்தான் நனைக்க வேண்டியிருந்தது. அது ரேட்டில் வந்ததா என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள்.

இவை போக மங்கலச் செலவுகள். நிலை வைக்கும் அன்று ஆசாரிக்கு வேட்டி, துண்டு, தட்சணை. தளம் போடும் அன்று எல்லோருக்கும் பிரியாணி. அன்றைக்குப் பார்த்து, அதுவரை கண்ணில் படாத ஆட்களெல்லாம் சட்டி சுமந்துகொண்டிருப்பார்கள். திருஷ்டிக்குப் பூசணிக்காய். வேடிக்கை பார்க்க வருகிற மாமா, மச்சான்களுக்கு டீயும் வடையும். அவர்கள் டீயைக் குடித்துவிட்டு, “வேலையோடு வேலையா மாடிக்கு ஒரு ரூமையும் எடுத்திருங்க மாப்ள” என்பார்கள். டீ பன்னிரண்டு ரூபாய், யோசனை மூன்று லட்சம்.

ஆகவே வீடு கட்டப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எது வரும் என்பதோடு எது வராது என்பதையும் பத்திரத்தில் எழுதி வாங்குங்கள். எந்தக் கம்பி, எந்த சிமென்ட், டைல்ஸ் சதுர அடிக்கு எவ்வளவு விலைக்குள் என்பதும் அதில் இருக்கட்டும். பேஸ்மட்டம், லிண்டல், தளம், பூச்சு என்று வேலை முடிய முடியப் பணம் கொடுங்கள். வேலைக்கு முன்னால் பணம் ஓடக் கூடாது. கடைசித் தவணையைக் கடைசிக் குழாயில் தண்ணீர் வந்த பிறகு கொடுங்கள்.

மொத்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து ஒளித்து வையுங்கள். அப்படி ஒரு பணம் இருப்பது மேஸ்திரிக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் எலிவேஷன் மாறிவிடும். மச்சானுக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் மாடி ரூம் எழும்பிவிடும். வீட்டிலும் மூச்சு விடாதீர்கள். எங்கள் வீட்டில் அது இப்போது மாடுலர் கிச்சனாக இருக்கிறது, அக்னி மூலையில்.