ஆப்பிள் ஏறி மாடிக்கு

லண்டன் கிழக்குப் பகுதிக்காரர்களுக்கு எதையும் நேராகச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் போலிருக்கிறது. படிக்கட்டு, அதாவது 'ஸ்டேர்ஸ்', அவர்கள் வாயில் 'ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்' ஆகும். பிறகு இயைபுக்காக வந்த 'பேர்ஸ்'ஸையே வெட்டிவிடுவார்கள். மிஞ்சிய ஆப்பிளில் ஏறி மாடிக்குப் போவது நம் பாடு.

1975இல் தொடங்கிய 'தி ஸ்வீனி' போலீஸ் தொடரின் பெயரே இந்த ரகம்தான். 'ஃப்ளையிங் ஸ்குவாட்' என்ற காவல் பிரிவுக்கு இயைபு 'ஸ்வீனி டாட்', கழுத்தறுக்கும் கதை நாவிதன். டாட் கழன்றுபோக, ஸ்வீனி நின்றது. போலீஸுக்கு நல்ல பெயர்தான்!

உச்சம், 'ஆரிஸ்'. பிருஷ்டத்தைக் குறிக்கும் கொச்சைச் சொல்லுக்கு இயைபு 'பாட்டில் அண்ட் கிளாஸ்', சுருக்கினால் பாட்டில். பாட்டிலுக்கு இயைபு அரிஸ்டாட்டில். அதையும் சுருக்கினால் ஆரிஸ். உட்காரும் இடத்தைச் சொல்ல கிரேக்கம்வரை போய் வந்திருக்கிறார்கள்.

தொடரைப் பார்த்துக்கொண்டே இதையெல்லாம் நான் அவிழ்த்து முடிப்பதற்குள் திரையில் திருடன் தப்பி, மாட்டி, விலங்கும் பூட்டியாகிவிட்டது. பழைய பிரிட்டிஷ் தொடர் பார்க்க உட்காருகிறவர்களுக்கு ஒரு யோசனை: அகராதியைத் தேடாதீர்கள், ரிமோட்டில் நிறுத்தும் பொத்தான் வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள்.