கழுதை நின்ன எடத்துக்கு வாடகை

ஏ மக்கா, அந்தப் படத்தைக் கொஞ்சம் பெருசாக்கிக் காட்டு. ம்ம். கல்லுச் சுவரு. மெழுகுவத்தி. வெள்ளைத் துணி விரிச்ச கட்டிலு. டிவி கெடையாது, பிரிட்ஜ் கெடையாது. இதுக்கா இம்புட்டு வாடகை கேக்கான்? கேக்கட்டும், கேக்கட்டும். குடுக்கத்தான் நீ இருக்கேல்லா.

மத்தேராதானடே ஊரு? நான் கப்பல்ல கெடந்த காலத்துல தாரந்தோ துறைமுகம் நமக்குத் தண்ணி பட்ட பாடு. அங்கேருந்து உள்ள தள்ளிப் போனா மத்தேரா. பெறவு மகன் ஐரோப்பாவுல வேலைக்குப் போனப்ப, நீ காட்டுத மாதிரியே ஒரு குகை ஓட்டல்ல என்னையத் தங்க வச்சான். அதனால கெழவன் திண்ணையில குந்திக்கிட்டு அளக்கான்னு நெனைக்காதே.

மொதல்ல ஊரைத் தெரிஞ்சுக்கோ. இத்தாலிக்குத் தெக்கே, பசிலிகாட்டா வட்டாரம். மலைச்சரிவு. அடியில கிராவினா ஆறு பெரும் பள்ளமாப் பறிச்சுப் போட்டிருக்கு. சரிவு பூராவும் மெத்துன சுண்ணாம்புக் கல்லு, உளி வச்சா எறங்கிரும். ஒருத்தன் கொடைஞ்சான், அவனுக்கு மேல அடுத்தவன் கொடைஞ்சான். கீழவீட்டுக்காரன் மொட்டைமாடி மேலவீட்டுக்காரனுக்குத் தெரு. ஆயிரக்கணக்கான வருசமா ஆளு பொழங்குன எடம்.

அந்தப் பயலுவ தண்ணிக்குப் பண்ணியிருக்க வேலையைத்தாம்டே நீ பாக்கணும். ஊருக்கு நடுவுல வித்தோரியோ வெனெத்தோ சதுக்கம். அதுக்கு அடியில ஒரு தொட்டி கெடக்கு. பேரு பாலொம்பாரோ லுங்கோ. சுமார் 50 லட்சம் லிட்டர் கொள்ளும். எறங்கிப் பாத்தா கோயில் மண்டபத்துக்குள்ள நிக்கமோன்னு தோணும். பாறையைக் கொடைஞ்சு, ஒடைஞ்ச மண்பாண்டத்தை இடிச்சுப் பொடியாக்கி, சுண்ணாம்போட கொழைச்சுச் சுவர்ல பூசியிருக்கான். நம்ம பழைய கொத்தனாருக சுர்க்கிம்பாவல்லா, அதே சங்கதி. சொட்டுக் கசியாது. கொழாய்த் தண்ணி வந்த பெறவு ஊரே அதை மறந்து போச்சு. 1991ல சதுக்கத்தைத் தோண்டயில மறுபடி கண்ணுல பட்டிருக்கு. எம்புட்டு மூளை! ஆனா நீ எங்க எறங்கப் போற? பொழுது சாயுததுக்குள்ள மொட்டைமாடியில நின்னு ஒனக்குப் போட்டோ எடுத்தாவணும்.

சரி, குகைக்கு வாரேன். அம்புட்டுக் குகையும் ஆளு குடியிருக்கன்னா கொடைஞ்சான்? தானியம் போட, மாடு கட்ட, ஒயின் ஊற வைக்க, தண்ணி தேக்க. அதுக்குத்தான் பாதி. சனம் பெருகிச்சு. சொந்தமாக் காணி இல்லாத கூலிக்காரன் எங்கன ஒதுங்குவான்? தொழுவத்துல ஒதுங்குனான். தண்ணித்தொட்டியை எறைச்சுப்புட்டு அதுக்குள்ளயும் பாயைப் போட்டான். ஜன்னல் கெடையாது. காத்து, வெளிச்சம், ஆளு, கழுதை எல்லாத்துக்கும் ஒரே வாசல்.

பழைய குகைவீடு ஒண்ணை அப்பிடியே காட்சிக்கு வச்சிருக்காவ. போனா பாரு. கட்டிலு இடுப்புக்கு மேல உசரம். ஏன்னு கேளு? கீழே கோழி அடையணும்லா. மெத்தைக்குள்ள மக்காச்சோளத் தோகை. பெட்டியோட இழுப்பறையை இழுத்து வெளிய வச்சு, அதுல பச்சப்புள்ளையைக் கெடத்துவாவ. உள்ளார கடைசியில கோவேறு கழுதை. வெளிய கட்டுனா என்னன்னு கேப்ப. அது களவு போனா குடும்பத்துக்கே அன்னைக்கோட சோறு இல்ல. போக, மாரிக்குளிருக்கு அதோட மூச்சும் விட்டைச் சூடுந்தான் கணப்பு. புருசன் பொண்டாட்டி, ஏழெட்டுப் பிள்ளைக, கோழி, பன்னி, கழுதை. ஒரே மூச்சுக்காத்தைப் பங்கு போட்டுக்கிட்டுக் கெடந்திருக்காவ.

கார்லோ லேவின்னு ஒரு டாக்டரு, படமும் போடுவாரு, எழுத்தும் எழுதுவாரு. முசோலினி காலத்துல அவரை அந்தப் பக்கம் ஒரு கிராமத்துல கொண்டுபோயி வச்சிருந்தாவ. அவரு 1945ல ஒரு பொஸ்தகம் போட்டாரு. கூடப்பொறந்தவ மத்தேராவுல கண்டு வந்து சொன்னதையும் அதுல எழுதியிருக்காரு. அந்த ஊருப் பிள்ளைக பின்னாலயே ஓடி வந்து கேட்டது காசு இல்லடே. மிட்டாயி இல்ல. மலேரியாவுக்குக் கொயினா மாத்திரை. நாடே தலையைக் குனிஞ்சிருச்சு. 1950ல பிரதமரு தெ காஸ்பெரி நேர்ல வந்து பாத்தாரு. 1952ல சட்டம் போட்டு, சுமார் 15,000 பேரை மேட்டுல புதுசாக் கட்டுன வீடுகளுக்கு ஏத்துனாவ. நாட்டுக்கே வெக்கக்கேடுன்னு குகையைப் பூட்டிப்புட்டாவ.

இப்ப வெளையாட்டைக் கேளு. வெக்கக்கேடுன்னு பூட்டுன அதே அரசாங்கம் 1986ல இன்னொரு சட்டம் போட்டு, பழுதுபாத்துக் குடியிருங்கன்னு குகையைக் குத்தகைக்குக் குடுத்துது. 1993ல யுனெஸ்கோக்காரன் உலகச் சொத்துன்னான். 2019ல ஐரோப்பாவோட பண்பாட்டுத் தலைநகரம்னு பட்டங் கட்டுனாவ. சினிமாக்காரன் சும்மா இருப்பானா? 1964ல பசோலினி வந்து ஏசுநாதர் படம் எடுத்தாரு. பெறவு மெல் கிப்சன் வந்தாரு, அவருக்கும் ஏசுநாதர்தான். ஜெருசலேம் செட்டுப் போட வேண்டிய செலவு மிச்சம். ஜேம்ஸ் பாண்டுகூட வந்து காரை உருட்டிட்டுப் போயிட்டான். சுவரு அதே சுவரு, இருட்டு அதே இருட்டு. படுக்கவன் மடியில கெடக்க காசுதாம்டே மாறியிருக்கு. கஞ்சிக்கு இல்லாதவன் வீட்டு ஓட்டைச் சட்டியை வாங்கிட்டு வந்து கண்ணாடி அலமாரியில வைக்குத மாதிரி.

நான் தங்குன ஓட்டல்ல சாவி குடுத்த பிள்ளை நல்ல பிள்ளை. ‘அந்தக் கால வாழ்க்கையை அப்பிடியே அனுபவிக்கலாம்’னு இங்கிலீசுல சொன்னா. ‘சரி தாயி, கழுதையை எப்பக் கொண்டாந்து கட்டுவிய?’ன்னு கேட்டேன். மகன் என் கையைக் கிள்ளுதான். ஏன், கேக்கப்படாதா? தரையில கால வச்சேன், வெதுவெதுன்னு இருந்துச்சு. கல்லுக்கு அடியில சுடுதண்ணிக் கொழாய் ஓடுதாம். கழுதை பாத்த வேலையை இப்பக் கொழாய் பாக்கு. கழுதை நின்ன மூலையில முட்டை வடிவத்துல ஒரு குளியல்தொட்டி. தொழுவ நாத்தம் அடிச்ச எடத்துல லாவண்டர் தைலம். மெழுகுவத்தி ஏத்தி வச்சிருக்கான், ஆனா கட்டிலுக்குப் பின்னால போன் சார்ஜ் போட ரெண்டு பிளக்கு. குகைக்கு ஈரம் கூடப்பொறந்ததுல்லா, கழத்திப் போட்ட சட்டை விடியக்காலம் நசநசன்னு கெடந்துச்சு. அதையும் பழமைக் கணக்குல எழுதிப்புடுவாவ போல.

கடைத்தெருவுல மரத்துல செதுக்குன முத்திரைக்கட்டை விக்கும். ஊருக்குப் பொதுவா அடுப்பு இருந்த காலத்துல, வீட்டுல மாவு பெசைஞ்சு கொண்டுபோயிக் குடுப்பாவ. எவ வீட்டு ரொட்டி எவ வீட்டுக்குப் போவுதுன்னு சண்டை வரப்படாதுல்லா, அதுக்காவக் குடும்பத்துக்கு ஒரு முத்திரை. அந்த ரொட்டி இன்னைக்கும் கெட்டியா, பெருசா, மஞ்சப்பூத்து நல்லாத்தான் இருக்கு. வாங்கித் தின்னு. கட்டையை வாங்கி நீ எந்த மாவுல குத்தப் போற? உங்க வீட்டு ரொட்டி பாக்கெட்டுலல்லா வருது.

மூணு சக்கர வண்டியில ஊர் சுத்திக் காட்டுதாவ, அதுக்குத் தனிக் காசு. கிட்டப் போயிப் பாத்தா ஆப்பே ஆட்டோ! நம்மூர்ல கோழிக்கூடு ஏத்திட்டுப் போவுமே, அதேதான். மூலம் அவிய நாட்டுச் சரக்குத்தான், குத்தஞ் சொல்ல முடியாது. ஆனா கோயில்பட்டியில ஷேர் ஆட்டோல ஏற மூஞ்சியைச் சுளிக்க பய, அங்க போயிப் பல்லைக் காட்டிட்டு உக்காருவான் பாரு.

போவாதேன்னு நான் சொல்லுதேனா? போ. உருட்டுப்பெட்டி வேண்டாம், முதுகுல மாட்டுத பை எடுத்துக்கோ. படிக்கட்டுப் பூராவும் தேஞ்ச கல்லு, மழை பேஞ்சா வழுக்கும், ரப்பர் அடியிட்ட செருப்பு போடு. சாயங்காலம் மேட்டுல சதுக்கத்துப் பெஞ்சுல கெழவனுவ உக்காந்திருப்பாவ. குகையில பொறந்தவன் இன்னும் ரெண்டொருத்தன் இருப்பான். நீ குடுக்க வாடகையை மட்டும் அவன் காதுல போட்டுட்டு, அவன் மூஞ்சியைப் பாரு. போட்டோ எடுக்க வேண்டியது அதைத்தான்.

ராத்திரி பயப்படாதே. அந்தக் காலத்துல கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு மண்பானை இருக்கும், குடும்பத்துக்கே அதான் கக்கூஸ். விடிஞ்சாக் கொண்டுபோயிக் கொட்டிட்டு வரணும். ஒன் ஓட்டல்ல தண்ணி ஊத்துத வெள்ளைப் பீங்கானே வச்சிருக்கான். பழமையை அப்பிடியே காப்பாத்துத பய, அந்தப் பானையை மட்டும் ஏன் விட்டான்னு அந்தப் பிள்ளைகிட்ட நீயாவது கேட்டுட்டு வா. எனக்கு மகன் கிள்ளிப்புட்டான்.