பகிடிக்குப் பிணை

உடப்புக் கரையில் கரைவலை இழுக்கும்போது அம்பா பாடுவார்கள். முன்பாட்டுக்காரர் மச்சாளை வர்ணிப்பார், மாமியாரைக் கிண்டலடிப்பார், இல்லாத காதலியை நினைத்து உருகுவார். மற்றவர்கள் பின்பாட்டுப் பாடியபடி கயிற்றைச் சுண்டி இழுப்பார்கள். மடி கரையேறியதும் மனிதர் தன் பங்குச் சாளையைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடப்பார். "அந்தக் காதலி ஆரு அண்ணே?" என்று ஒருவரும் வாக்குமூலம் எடுப்பதில்லை. அதே மாமியார்தான் மீனை வாங்கிக் குழம்பு வைப்பார்.

இதே கரையோரமாகத் தெற்கே போனால் கட்டுநாயக்க விமான நிலையம். 2023 மே மாதக் கடைசியில் மேடை நகைச்சுவைக் கலைஞர் நதாஷா எதிரிசூரிய அங்கேதான் கைதானார். அவர் மேடையில் சொன்ன பகிடி பௌத்தத்தை அவமதித்ததாம். பிடித்த சட்டம், குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம், 2007. பேச்சுரிமையைக் காக்கும் சமவாயத்தின் பெயரை வைத்தே வாயைக் கட்டுவதற்குத் தனித் திறமை வேண்டும். நாட்டில் அதற்கு மட்டும் தட்டுப்பாடு வந்ததே இல்லை. கொழும்பு மேல் நீதிமன்றம் பிணை கொடுத்தது ஜூலை 5இல். அதுவரை, ஐந்து கிழமைக்கு மேல், விளக்கமறியல்.

சிரிக்கச் சொன்னதையெல்லாம் சத்தியக் கடதாசியாக வாசிக்கிற இதே நாட்டில், மண்ணெண்ணெய் விலையைக் குறைப்பேன் என்று மீனவர் முன்னால் நெஞ்சில் அடித்துச் சொன்னவரிடம் பிறகு போய்க் கேட்டுப் பாருங்கள். "அது மேடைப் பேச்சு தம்பி" என்பார். அவரை விமான நிலையத்தில் பிரமுகர் வாசலால் அனுப்பிவைக்கிறோம்.