கம்பியூட்டர் தம்பி

மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களில் லயத்துக்கு ஒருவராவது இருப்பார். உயர்தரப் பரீட்சை கைவிட்ட மறுமாதமே உருவாகிவிடுவார். கொழும்புக்குக் கடை வேலைக்கு அனுப்புவதா, பதுளைக்குக் கோர்ஸ் படிக்க அனுப்புவதா என்று வீட்டில் இரண்டு இரவு வாக்குவாதம் நடக்கும். கோர்ஸ் வென்றால் அன்றோடு பெற்ற பெயர் போய்விடும். இனி அவர் 'கம்பியூட்டர் தம்பி'.

காலை பஸ்ஸில் பசறைக்கு இறங்கி, அங்கிருந்து பதுளை. இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் பயிலுனர் அட்டை. சட்டை வீட்டுக்கு வந்ததும் கழன்றுவிடும். அட்டை கழலாது. கடைக்குத் தேங்காய் வாங்கப் போனாலும் நெஞ்சில் ஆடிக்கொண்டே வரும்.

தேசிய தொழிற்தகைமைக்கு 7 படிகள். தம்பி ஏறிக்கொண்டிருப்பது 3ஆவது, கணினிப் பிரயோக உதவியாளர். ஏழாவது படி பட்டத்துக்குச் சமம்.

"ஏழும் ஏறினா தொரை வேலையாப்பா?" என்பார் அம்மாயி.

"அந்த மாதிரித்தான், அம்மாயி" என்று சொல்லிவிட்டுத் தம்பி கொஞ்சம் இருமிக்கொள்வார்.

வகுப்பு சிங்களத்தில், கையேடு ஆங்கிலத்தில், மனப்பாடம் தமிழில். வீட்டில் கணினி கிடையாது. கொப்பியின் நடுப்பக்கத்தில் கீபோர்ட் வரைந்து வைத்துப் பழகுகிறார். அதில் 'பேக்ஸ்பேஸ்' இருந்த இடம் மட்டும் தேய்ந்து ஓட்டையாகிவிட்டது.

ஒரு நாள் அவர் உரக்கப் படித்ததைக் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெரியம்மா கேட்டுவிட்டார்: "ஒரு கிலோபைட்டுக்கு 1024 பைட்."

"கிலோன்னா ஆயிரந்தானே?"

"கம்பியூட்டர்ல 1024, பெரியம்மா."

"நல்ல கம்பெனி! நமக்குச் சாக்குக்கும் தண்ணிக்கும் கழிக்கிறானுக. அவன் இருபத்திநாலு கூடப் போட்டுத் தர்றானே!"

இறுதி மதிப்பீட்டுக்கு இன்னும் மாதங்கள் கிடக்கின்றன. லயம் அதற்குள் தம்பியைப் பாஸ் பண்ணிவிட்டது. டிவி தெரியாவிட்டால் தம்பி. கரண்ட் போனாலும் தம்பி. குவைத்திலிருக்கும் அக்காவுக்கு வீடியோ கோல் எடுக்க, சிக்னல் வரும் மேட்டுக்கு ஒரு குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு போகிறவரும் தம்பிதான். ஊழியர் சேமலாப நிதிப் படிவத்தோடு ஒரு தாத்தா வருவார். செக்ரோலில் அவர் ராமையா, அடையாள அட்டையில் ராமய்யா, பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ராமன். "இந்த மூணு பேரையும் ஒரு ஆளாக்கிக் குடு தம்பி" என்பார். அப்படி ஒரு மென்பொருள் இதுவரை எங்கும் வந்ததாகத் தெரியவில்லை.

போன மழைக்கு லயத்து ரோடு அரித்துக்கொண்டு போயிற்று. தோட்டத் தலைவர் மனு எழுதச் சொன்னார். யூனிகோடு வந்து எத்தனையோ காலமாகியும் தம்பிக்குக் கை பழகியது பாமினி எழுத்துருதான். வகுப்புக் கணினியில் அழகாக அடித்து, பென் டிரைவில் போட்டுக்கொண்டு வந்து, பஜார்க் கடையில் பிரின்ட் எடுத்தார். கடைக் கணினியில் பாமினி இல்லை. பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து விழுந்தது. எந்தச் சொல்லுக்கும் எந்த மொழியிலும் அர்த்தம் கிடையாது.

தம்பி வாய் திறக்குமுன் தலைவர் தாளைத் தூக்கிப் பார்த்துப் பூரித்துப்போனார். "இங்கிலீசிலேயே போட்டுட்டியா! இப்பத்தான் பயப்புடுவானுக." கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தி, அன்றைக்கே தபாலில் சேர்த்துவிட்டார்.

பதில் வந்தது, சிங்களத்தில். தம்பியைத்தான் கூப்பிட்டார்கள். அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார்: "தங்கள் கடிதத்தில் குறிப்பிட்ட விடயங்கள் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளன. உரிய நடவடிக்கை எடுக்கப்படும்."

லயமே கை தட்டியது. ரோடு அப்படியேதான் கிடக்கிறது. தம்பி தன் பயிற்சிப் பதிவேட்டை எடுத்து, 'அலுவலகக் கடிதம் தயாரித்தல்' என்ற வரிக்கு எதிரே 'பூர்த்தி' என்று எழுதிக்கொண்டார்.