போன கிலோ திரும்பி வரும்

தம்பி,

மெயின் ரோட்டில் இடம் பிடித்துவிட்டதாகவும், ஹோட்டல் வைப்பதா மருந்துக்கடை வைப்பதா என்று நீ குழம்பிக் கிடப்பதாகவும் உன் அப்பா சொன்னார். இரண்டும் வேண்டாம். ஹோட்டல் வைத்தால் இட்லி கல்லாக இருக்கிறது என்று உன்னைத் திட்டுவார்கள். மருந்துக்கடை வைத்தால் காய்ச்சல் நிற்கவில்லை என்று உன்னைத் திட்டுவார்கள். சரக்கு பலிக்காமல் போனால் வாங்கினவரே தன்னைத் திட்டிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி உன்னிடமே வந்து பணம் கட்டுகிற தொழில் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். எடை குறைப்பு நிலையம் வை. பதினெட்டு வருஷம் அதில் சோறு தின்றவன் சொல்கிறேன். சோறு என்று எழுதிவிட்டேன், வாடிக்கையாளர் காதில் போட்டுவிடாதே.

ஆள் வருமா என்று கவலைப்படாதே. கணக்கை சர்க்காரே எடுத்துத் தருகிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 2015–16ல் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 31 பேர் அதிக எடை அல்லது பருமன். அடுத்த ஆய்வில், 2019–21ல், 40 பேர். ஆண்கள் 28லிருந்து 37. எந்தச் சீட்டுக் கம்பெனி இப்படி வளர்ச்சி காட்டும்?

விளம்பரத்துக்கும் பெரிய செலவில்லை. சம்பளம் வாங்காத ஏஜென்ட்டுகள் எல்லாக் கல்யாண மண்டபத்திலும் இருக்கிறார்கள். "என்னடி, இப்படி ஊதிட்ட?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்பாள் ஓர் அத்தை. அடுத்த மூச்சில், "இந்தப் பொண்ணுக்கு இன்னொரு ஜாங்கிரி வைப்பா" என்பாள். அந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில்தான் நம் கல்லாப்பெட்டி இருக்கிறது. தை முகூர்த்தத்துக்குக் கார்த்திகையிலேயே கூட்டம் வந்துவிடும். ஜாதகம் பொருந்தி, நகை பேசி முடித்து, கடைசியில் "பொண்ணுதான் கொஞ்சம் பூசினாப்பல" என்று மாப்பிள்ளை வீட்டார் இழுப்பார்கள். பக்கத்தில் பெல்ட்டைத் தாண்டித் தொங்கும் தொப்பையோடு மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பான். அது வசதியின் லட்சணம். அதை யாரும் குறைக்கச் சொல்ல மாட்டார்கள்.

சரக்கு என்ன என்று கேட்பாய். அது எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நம் பாட்டன் பூட்டன்மார் ஒற்றை வரியில் ஓசியாகச் சொல்லிவிட்டுப் போனார்கள், பிழைக்கத் தெரியாதவர்கள். லண்டனில் வில்லியம் பான்ட்டிங் என்று ஒருவர் இருந்தார். ராஜ குடும்பத்துக்கே சவப்பெட்டி செய்து இறுதிச் சடங்கு நடத்திக் கொடுத்தவர். குனிந்து ஷூ நாடா கட்ட முடியாத அளவுக்குப் பருத்துப்போய், ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு இவற்றையெல்லாம் விட்டார், இளைத்தார். 1863ல் அதைச் சிறு புத்தகமாகத் தன் காசில் அச்சடித்து முதலில் சும்மாவே கொடுத்தார். பெட்டி விற்கிறவர், ஆள் சீக்கிரம் பெட்டிக்கு வராமலிருக்க யோசனை சொன்னார். இந்தத் தொழிலில் அப்படியொரு நாணயஸ்தன் அப்புறம் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. நூற்றைம்பது வருஷம் கழித்து அவர் விட்ட அதே ரொட்டியையும் சர்க்கரையையும் விடச் சொல்லி, அதற்கு ஆதிமனிதன் உணவு என்று பெயர் வைத்து, நாங்கள் மூன்று மாத பேக்கேஜ் போட்டோம்.

ஒரு கடையில் கொழுப்பைத் தொடாதே என்று சொல். எதிர்ச்சாரியில் மச்சினன் பெயரில் இன்னொரு கடை திற. அங்கே வெண்ணெயைக் காபியில் போட்டுக் குடி என்று சொல். இங்கே தோற்றவர் அங்கே போவார், அங்கே தோற்றவர் இங்கே வருவார். ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை இரண்டு கட்சியாகப் பிரித்து ஒரு வருஷம் பார்த்தார்கள். 2018ல் முடிவு வந்தது. கொழுப்பைக் குறைத்தவர்களுக்குச் சராசரி 5.3 கிலோ இறங்கியது, மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு 6 கிலோ. பொருட்படுத்தத் தக்க வித்தியாசம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். இந்தச் செய்தி நம் வாட்ஸ்அப் குரூப்புக்குள் வந்தால் உடனே டெலிட் செய்.

மூலதனம் எது என்று இப்போது சொல்கிறேன், கதவைச் சாத்து. போன கிலோ திரும்பி வரும். நம் முதல் அதுதான்.

அமெரிக்காவில் யார் அதிகம் இளைக்கிறார் என்று டிவியில் ஒரு போட்டி நடத்தினார்கள். முப்பது வாரத்தில் ஆளுக்குச் சராசரி 58 கிலோ இறக்கினார்கள். கைத்தட்டல், காகிதப் பூ, கண்ணீர். ஆறு வருஷம் கழித்து கெவின் ஹால் என்ற ஆராய்ச்சியாளர் அவர்களில் 14 பேரைத் தேடிப்பிடித்து அளந்தார். 58ல் 41 கிலோ திரும்பி வந்திருந்தது. அது பெரிதில்லை. அவர்கள் உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்கும் சக்தி, அந்த உடம்புக்கு இருக்க வேண்டியதைவிட ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைந்தே கிடந்தது. நம் கணக்கில் சுமார் ஏழு இட்லி. பக்கத்து வீட்டுக்காரர் அதே எடையில் இருந்துகொண்டு ஏழு இட்லி கூடச் சாப்பிடலாம்; இவர் சாப்பிட்டால் ஏறும். ஆறு வருஷமாகியும் அந்தக் கடன் அடையவில்லை. உடம்புக்குக் கல்யாணத் தேதியெல்லாம் தெரியாது தம்பி. பஞ்சம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறது. அடுப்பைச் சின்னதாக்குகிறது, பசியைப் பெரிதாக்குகிறது.

பஞ்சம் என்றதும் இன்னொன்று. இரண்டாம் உலகப் போர் முடிகிற சமயம், பட்டினி கிடந்த ஜனங்களுக்கு எப்படி மறுபடி சோறு போடுவது என்று கண்டுபிடிக்க மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் ஓர் ஆராய்ச்சி நடத்தினார். போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்து ஆறு மாதம் அரைவயிற்றில் கிடந்தார்கள். எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, சமையல் புத்தகத்தை நாவல் மாதிரி படிப்பது, எரிச்சல், சோர்வு. சாப்பிட விட்டதும் அடங்காத பசி. அந்த 'அரைப்பட்டினி'க்கு அவர் வைத்த அளவு நாளைக்கு ஏறக்குறைய 1,570 கலோரி. நம் நிலையத்தில் லேமினேட் செய்து கொடுக்கிற சார்ட் 1,200. மேலே ரோஜாப்பூப் படம் போட்டு 'புதிய நீங்கள்' என்று தலைப்பு வைத்திருக்கிறோம்.

ஆக, திரும்பி ஏறப்போகிறது என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியும். தெரியாதவர் ஒருவர்தான், அவர்தான் பணம் கட்டுகிறார். ஏறியதும் தலையைக் குனிந்துகொண்டு வருவார். அப்போது சொல்வதற்கு ஒரு மந்திரம் உண்டு: "நீங்க சரியா ஃபாலோ பண்ணலை, மேடம்." திட்டாதே, கோபப்படாதே, தாழ்ந்த குரலில் வருத்தமாகச் சொல். தீபாவளிக்கு இரண்டு அதிரசம் தின்றது அவருக்கு ஞாபகம் வந்துவிடும். அப்புறம் வழக்கு முடிந்தது. குற்றவாளியே ஒப்புக்கொண்டு அபராதமும் கட்டுவார்.

படம் எடுப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. 'முன்' படத்தில் அழுக்கு நைட்டி, மங்கின விளக்கு, முகம் கடுகடு. 'பின்' படத்தில் கறுப்பு சுடிதார், மூச்சை இழுத்துப் பிடித்த வயிறு, புன்னகை. தொண்ணூறாவது நாளே எடுத்துவிட வேண்டும். மூன்றாவது வருஷம் ஒரு படம் எடுத்தால் என்ன ஆகும் என்று ஒரு பயிற்சியாளர் பையன் என்னைக் கேட்டான். அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டேன். முதல் வாரம் மூன்று கிலோ சரசரவென்று இறங்கும். மாவுச்சத்தை நிறுத்தியதும் உடம்பு சேமித்து வைத்திருந்த சர்க்கரை கரைந்து, கூடவே அது பிடித்துவைத்திருந்த தண்ணீரும் போகும். பெரும்பகுதி அந்தத் தண்ணீர்தான். வாடிக்கையாளர் அதைக் கொழுப்பு என்று நினைத்து நமக்கு ஸ்வீட் பாக்ஸ் வாங்கி வருவார். வாங்கிக்கொள்.

பெரிய இடத்துக்காரர்கள் இதையெல்லாம் எப்போதோ புரிந்துகொண்டார்கள். நியூயார்க்கில் ஜீன் நிடெச் என்ற இல்லத்தரசி 1963ல் தொடங்கிய வெயிட் வாட்சர்ஸை 1978ல் வாங்கியது யார் தெரியுமா? தக்காளி கெச்சப் விற்கும் ஹெய்ன்ஸ். 2006ல் ஜென்னி கிரெய்க் என்ற இளைப்புக் கம்பெனியை வாங்கியது சாக்லேட் விற்கும் நெஸ்லே. யூனிலீவர் இன்னும் ஒரு படி மேலே: 2000 ஏப்ரலில் ஒரே நாளில் இரண்டு கம்பெனிகளை வாங்குவதாக அறிவித்தது. ஒன்று பென் அண்ட் ஜெர்ரிஸ் ஐஸ்கிரீம். மற்றது ஸ்லிம்ஃபாஸ்ட். முட்டுச்சந்தில் ஒரு பக்கம் குழி வெட்டிவிட்டு மறுபக்கம் கட்டுப்போடும் கடை வைக்கிறவனை நம் ஊரில் உதைப்பார்கள். அங்கே அவனுக்குப் பங்குச்சந்தையில் விலை ஏறும். நம் மின்கம்பத்திலும் சின்ன அளவில் அந்த ஞானம் ஒட்டியிருக்கிறது, பார்த்திருப்பாய்: 'உடல் எடை குறைக்க / கூட்ட அழைக்கவும்'. போன் நம்பர் ஒன்றே. டப்பாவும் ஒன்றே.

சட்டம் பிடிக்காதா என்றால், சட்டம் இருக்கிறது. மாயத் தீர்வு விளம்பரங்களைத் தடுக்க 1954லேயே போட்டார்கள். எந்தெந்த நோய்க்கு மருந்து என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. உடல் பருமன் அதில் இருக்கிறது. முதல் தடவை மாட்டினால் ஆறு மாதம் வரை உள்ளே தள்ளலாம். அதனால் 'மருந்து' என்ற வார்த்தையை வாயால் சொல்லாதே. 'உணவு' என்று சொல், 'பானம்' என்று சொல், 'வாழ்க்கைமுறை' என்று சொல். உணவு என்றால் அந்தச் சட்டத்தைச் சுற்றிப் போகப் பார்க்கலாம். அப்படியும் மாட்டினால் மன்னிப்புக் கேட்கலாம். 2024 ஏப்ரலில் பதஞ்சலி கம்பெனி தன் விளம்பரங்களுக்காகப் பத்திரிகையில் மன்னிப்பு வெளியிட்டபோது, முன்பு போட்ட விளம்பரங்களின் அளவுக்கு இந்த மன்னிப்பும் இருக்கிறதா என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. இந்த நாட்டில் உடனே இளைக்கக்கூடிய பொருள் மன்னிப்பு ஒன்றுதான்.

இப்போது நம் நாட்டுக்கு எடை குறைக்கும் ஊசி வந்திருக்கிறது. 2025 மார்ச்சில் மௌஞ்சாரோ, ஜூனில் வெகோவி. பொய் சொல்ல மாட்டேன், இது வேலை செய்கிறது. அதுதான் எங்களுக்கு வயிற்றெரிச்சல். அந்த வெயிட் வாட்சர்ஸே அதே வருஷம் மே மாதம் திவால் மனு போட்டது. ஆனால் மனசைத் தளரவிடாதே. வெகோவியில் இருக்கும் செமாக்ளுடைட் மருந்தை நிறுத்தியவர்களுக்கு, குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருஷத்தில் திரும்பிவிட்டது என்று ஆய்விலேயே இருக்கிறது. நல்ல டாக்டர் இதை முதல் நாளே சொல்வார்: இது ரத்த அழுத்த மாத்திரை மாதிரி, நிறுத்தினால் பழைய கதைதான், மாதம் இவ்வளவு ஆகும், யோசித்துச் சொல்லுங்கள் என்பார். வந்த புதிதில் மௌஞ்சாரோவின் குறைந்த அளவு ஒரு குப்பி 3,500 ரூபாய், வாரம் ஒன்று. நீ அந்த முதல் நாள் பேச்சை மட்டும் விட்டுவிடு. கல்யாணத்துக்கு மூன்று மாத ஊசி பேக்கேஜ் என்று போர்டு வை. முகூர்த்தத்தன்று பெண் மெலிவாக இருப்பாள். முதல் ஆடி அழைப்புக்கு அவள் மறுபடி நம்மிடம் வருவாள்.

ஒரே ஓர் ஆபத்து உண்டு, சொல்லாமல் விட்டால் பாவம். எடையைக் குறைத்து அப்படியே வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1994லிருந்து அவர்களுக்குப் பதிவேடு வைத்திருக்கிறார்கள். பத்தாயிரம் பேருக்கு மேல். என்ன மாயம் செய்தார்கள் என்று நானும் ஆசையாகப் படித்தேன். தினம் ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட நடப்பது மாதிரி ஏதாவது உடற்பயிற்சி. முக்கால்வாசிப் பேர் வாரத்துக்கு ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். காலைப் பலகாரம் விடுவதில்லை. டிவி குறைவு. இதை வருஷக்கணக்கில் விடாமல் செய்கிறார்கள். இதில் விற்க என்ன இருக்கிறது? டப்பா இல்லை, பேக்கேஜ் இல்லை, 'பின்' படம் எடுக்க ஒரு நாள்கூட இல்லை.

நல்லவேளை, நம் ஊரில் நடக்க முடியாது. நடைபாதையில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, பைக் இருக்கிறது, பள்ளம் இருக்கிறது, தலைவர் பிறந்தநாள் பேனர் இருக்கிறது. நடை மட்டும் இல்லை. அதையும் தாண்டி நடக்கலாம் என்றால் நேரம் வேண்டும். ஐந்து மணிக்கு எழுந்து நாலு டப்பா கட்டி, மிஞ்சிய சோற்றை வீணாக்கக் கூடாது என்று தானே தின்று, இரண்டு பஸ் மாறி, எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து, திரும்பி வந்து மறுபடி அடுப்பில் நிற்கிறவள் எந்த ஒரு மணி நேரத்தை எடுப்பாள்? அவளிடம்தான் அவகாடோ வாங்கச் சொல்கிறோம். அவளிடம்தான் மனஉறுதி இல்லை என்கிறோம். பதினெட்டு வருஷத்தில் நான் பார்த்ததிலேயே அதிக மனஉறுதி உள்ளவர்கள் அவர்கள்தான் தம்பி. நாலு தடவை பட்டினி கிடந்து, நாலு தடவை தோற்று, ஐந்தாம் தடவையும் பணம் புரட்டிக்கொண்டு வந்து நிற்க வேறு யாருக்குத் தைரியம் வரும்?

போன மாதம் அப்படி ஓர் அம்மா வந்தார். மெஷினில் ஏறும் முன் செருப்பைக் கழற்றுவார், கைப்பையைக் கீழே வைப்பார், வாட்சைக் கழற்றுவார், கடைசியில் வளையல் இரண்டையும் கழற்றி என் மேஜை மேல் வைப்பார். கொஞ்சமாவது குறைத்துக் காட்டுமே என்று. நாலு தடவையும் அதே வரிசை. இந்தத் தடவை செருப்பு, பை, வாட்ச், அதோடு ஏறிவிட்டார். மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "பேக்கேஜுக்குத்தான் சார், பேங்க்ல வச்சிருக்கேன்" என்றார்.

மூன்று பவுன் இருக்கும். 24 கிராம். எங்கள் மெஷினில் அது தெரியாது. ஆனால் பதினெட்டு வருஷத்தில் எங்கள் நிலையத்தால் ஓர் உடம்பிலிருந்து இறங்கி, திரும்பி ஏறாத எடை அதுதான்.

இப்படிக்கு,
உன் மாமா