தூரஸ்த கிருகஸ்தர்

வீட்டிலிருக்கும்போது காப்பிப்பொடி எந்த டப்பாவில் இருக்கிறதென்று அறியாதவராயும், கொல்லைக்கதவின் தாழ்ப்பாளை ஒருநாளேனும் போட்டறியாதவராயும் விளங்கி, ஊரெல்லையைத் தாண்டிய மறுகணமே அந்த வீட்டின்மீது அபாரமான அபிமானம் கொண்டு, இருந்த இடத்திலிருந்தே அதைப் பரிபாலனம் செய்யத் தொடங்கிவிடுகிற ஒருவகை மனிதர்கள் இப்போது பெருகிவருகிறார்கள். என் நண்பர் அந்த வர்க்கத்தின் திலகம்.

நம் ஊர்ப் பழைய கோயில்களிலிருந்து அரண்மனைக்குச் சுரங்கம் போகிறதென்று பெரியவர்கள் சொல்வார்கள். போய்ப் பார்த்தவர் யாருமில்லை. நண்பரோ தம் மாம்பலம் வீட்டு ரூட்டரில் வயர்கார்டு என்கிற விபிஎன் சுரங்கத்தை மெய்யாகவே வெட்டி, 51820 என்ற போர்ட்டை அதற்கு வாசலாக வைத்திருந்தார். வாசல் லேசில் திறக்கவில்லை. இணைய நிறுவனத்தார் பல வீடுகளை ஒரே பொதுவிலாசத்தின் பின்னால் அடைத்து, இவருக்கு 100.64 என்று தொடங்கும் உள்விலாசமொன்றையே கொடுத்திருந்தபடியால், வெளியிலிருந்து வருகிறவனுக்கு எந்தக் கதவைத் தட்டுவதென்றே தெரியாது. தனிக்கட்டணம் கட்டி நிலையான ஐபி வாங்கிய பிறகுதான் அந்தத் தோஷம் நிவர்த்தியாயிற்று. வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே சோதித்தால் அது சோதனையாகாது என்பதால், பல இரவுகள் தெருமுனை டீக்கடையில் நின்று, கைபேசியின் டேட்டா வழியாக, கூப்பிடு தூரத்திலிருந்த தம் வீட்டுக்குள் பிரவேசித்துப் பரவசமடைந்திருக்கிறார். உள்ளே போய் என்ன செய்தார் என்றால், பிரிண்டரில் மை எவ்வளவு மீதியிருக்கிறதென்று பார்த்தார்.

சென்ற தை மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். ரயிலில் வரும்போதே வீடு எட்டவில்லை என்று சிக்னலை வைதுகொண்டு வந்த நண்பர், முகூர்த்தத்துக்குக் கால்மணி இருக்கையில், கல்யாண மண்டபத்து வைஃபையில் மடிக்கணினியை இணைத்தார். சுரங்கச் செயலி, மறுமுனையில் ஆள் இருக்கிறானா என்று பாராமலே பச்சை காட்டிவிடும் சுபாவமுடையது. பச்சையைக் கண்டவர் 192.168.1.1 என்று தட்டித் தம் கடவுச்சொல்லைக் கொடுத்தார், ஏற்கவில்லை. ஏதோ அசுபசிந்தனையில், ரூட்டரோடு பிறந்துவரும் ‘அட்மின், அட்மின்’ என்பதைக் கொடுத்துப் பார்த்தார், கதவு திறந்துகொண்டது. அவர் முகம் வெளுத்தது.

“எவனோ உள்ளே புகுந்துட்டான் சார்!” என்று என் கையைப் பற்றியவர், கோட்டையை மீட்கும் சேனாதிபதியின் ஆவேசத்தோடு, வைஃபைக்கு 24 எழுத்தில் புதிய கடவுச்சொல் அமைத்து, ரூட்டரை அணைத்து எழும்பச் செய்தார்.

எங்கள் தலைக்குமேலே, சுவர்மூலையில், மண்டபத்து ரூட்டரின் விளக்குகள் சொல்லிவைத்தாற்போல் அணைந்தன. கடையில் வாங்கும் ரூட்டர்களில் பலவற்றுக்குப் பிறவியிலேயே அந்த ஒரே விலாசம்தான். கேட்ட விலாசக்காரன் அதே கூரையின்கீழ் இருக்கும்போது, கணினி 300 கிலோமீட்டர் தாண்டிச் சென்னைக்குப் போவானேன்?

“லைவ் கட்டாயிடுச்சு!” என்று மேடையருகில் வீடியோக்காரர் கூவினார். கெட்டிமேளம் முழங்கிற்று. சிகாகோவில் பட்டுப்புடவை உடுத்திக் காத்திருந்த மாப்பிள்ளையின் அத்தை, தாலி கட்டுவதைப் பாராமலே போனாள்.

தம் கணினியும் வெளியே தள்ளப்பட்டுவிட்டதை உணராத நண்பர், மீண்டும் மீண்டும் வீட்டைத் தட்டிக்கொண்டிருக்கையில், அட்சதைத் தட்டோடு அவர் மனைவி வந்தாள்.

“இன்னும் என்னங்க அதையே நோண்டிக்கிட்டு? மெயின் சுவிட்சை அணைச்சுட்டுத்தானே நான் கிளம்பினேன்!”

பின்னாலேயே மண்டப மானேஜர். “சார், நம்ம வைஃபை பாஸ்வேர்டை யாரோ மாத்திட்டாங்க. உங்களுக்கு இதெல்லாம் தெரியும்னு சொன்னாங்க.”

நண்பர் என்னைப் பார்த்தார். நான் பந்தி நடக்கும் திசையைப் பார்த்தேன். பிறகு அவர் ஒன்றும் பேசாமல், தாம்பூலப் பையின்மீது அந்த 24 எழுத்துக்களையும் நிதானமாக எழுதத் தொடங்கி, பதினேழாவதில் நின்று, அது பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்று யோசிக்கலானார்.